மாடு மட்டும் வாடகைக் குடி

1

ஊரிலிருந்து பெரிய மச்சான் கடிதம் எழுதியிருக்கிறார். என் மகள் அஞ்சலைக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறாராம். பையன் வீட்டார் நல்ல மாதிரியாம். ஒன்றே ஒன்று கேட்கிறார்களாம்: “பெண்ணின் தகப்பன் மலாயாவில் இருப்பது சொந்த வீடா, வாடகை வீடா? ஒரு வரியில் எழுதச் சொல்லவும்.”

ஒரு வரி எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். சொந்தம் என்று எழுதினால் பொய். வாடகை என்று எழுதினால் அதுவும் பொய். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மனைவி பாக்கியம், “மாட்டையும் சேத்து எழுதுங்க, அப்பத்தான் வெவரம் புரியும்” என்றாள். மாட்டைச் சேர்த்தால் விஷயம் ஒரு வரியில் அடங்காது.

ஆசிரியர் ஐயா, மச்சான் கடிதத்தோடு உங்கள் பத்திரிகைத் தாள் ஒன்றும் மடித்து வந்தது. நம் ஊர்ப் பக்கத்து முனிசிபாலிட்டி தன் வேலையாட்களுக்கு வீடுகளை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று பெரிய மனிதர்கள் அதில் காரசாரமாக வாதாடியிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது அப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தவராகத் தெரியவில்லை. நான் இருந்திருக்கிறேன், இரண்டு விதமாகவும். ஆகவே மச்சானுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மச்சான் எப்படியும் படிப்பார்.

2

நான் ஓரிடத்தில் தங்குகிற ஜாதி அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பிறகு ஊரை விட்டேன். இங்கே வந்து தோட்டம் தோட்டமாக விட்டேன்.

ரப்பர்த் தோட்டங்களில் வீடு இலவசம் என்று ஆள் சேர்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். அது நிஜம்தான். லயம் என்கிற நீளக் கொட்டகை வரிசையில் ஓர் அறை சும்மா கொடுப்பார்கள். ஆனால் வேலை போன அன்றைக்கே அறையும் போகும். காலையில் கங்காணியோடு வாய்த்தகராறு என்றால் மத்தியானம் சட்டி பானை வாசலில் இருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ரந்தாவ் வட்டாரத்தில் நான் படுத்து எழாத லயம் குறைவு. ஒரு லயத்தில் காய்ச்சல் வந்து எங்கள் அறையில் ஐந்து பேர் படுத்தோம். மூன்று பேர் எழுந்தோம். எழுந்த மறுவாரம் நான் வேறு தோட்டத்தில் இருந்தேன். சிரூசாவில் கடற்கரையோரம் கல் உடைத்தேன். போர்டிக்சனில் படகுக்காரர்களோடு கொஞ்ச நாள் இருந்து வாந்தி எடுத்தேன்.

பாக்கியம் ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணமான மூன்றாம் மாதம் அந்தக் கங்காணியோடும் சண்டை. அவள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, “இன்னும் எத்தனை தோட்டம் பாக்கி இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு கோலா சாவாப் பக்கம் அரசாங்க ரோட்டு வேலையில் சேர்ந்தேன். ரோட்டு இலாகாவுக்கு அங்கே சொந்தமாக வீடு கிடையாது. தேநீர்க்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர், நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர், கடைக்குப் பின்னால் பலகை வீடுகள் இரண்டு கட்டியிருந்தார். வீட்டுக்கு மூன்று அறை. அரசாங்கம் அவற்றை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆறு குடும்பங்களை அங்கே வைத்தது. அரசாங்கம் மரைக்காயருக்கு வாடகைக் குடி. நாங்கள் அரசாங்கத்துக்கு ஓசிக் குடி.

அங்கே போன முதல் வருஷம் பாக்கியம் ஒரு கன்றுக்குட்டி வாங்கினாள். செவலை நிறம். வீட்டுக்குப் பின்னால் தென்னை மரங்களுக்கு நடுவே கொட்டகை போட்டோம். மரைக்காயர், “என் கடைக்குப் பால் தர்றதா இருந்தா நீ ஆனையைக்கூடக் கட்டிக்கம்மா” என்றார். கன்று பசுவாகி ஈன்றது. அதற்குப் பிறகு எனக்கு எந்த மேஸ்திரியோடு சண்டை வந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப முடியவில்லை. மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு ஓடலாம். பசுவைக் கூட்டிக்கொண்டு ஓட முடியாது. அது நடுவழியில் படுத்துக்கொள்ளும்.

3

வாடகை வீட்டில் ஒரு குறை இருந்தது. கூரை ஒழுகியது.

மரைக்காயரிடம் போனால், “நான் வீட்டை அரசாங்கத்துக்கு விட்டாச்சு. ஒழுகுனா அரசாங்கத்துக்கிட்ட சொல்லுப்பா” என்பார்.

அரசாங்கம் என்றால் எங்களுக்கு ரோட்டு ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி ஐயாதான். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். அவரிடம் போனால், “கூரை மரைக்காயருடையது. மழை ஆண்டவனுடையது. இதிலை அரசாங்கத்துக்கு என்ன அலுவல்? விளங்குதோ?” என்பார்.

எங்களுக்கு நன்றாக விளங்கியது. ஏழு மழைக்காலம் விளங்கியது.

ஒருநாள் கிராணி ஐயா கடைக்கு வந்து விஷயத்தை உடைத்தார். வாடகை கொடுத்துக்கொண்டே இருப்பதா, வீடுகளை விலைக்கு வாங்கிவிடுவதா என்று போர்டிக்சன் ஆபீசில் யோசிக்கிறார்கள். துரை நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்.

கடையில் அன்று ஒரே சத்தம். எங்கள் மேஸ்திரியான மண்டோர் சடையன் வாங்குகிற கட்சி.

“தொரை வாங்கட்டும்லா! வாங்குனா கூரை அவன் கூரை. ஒழுகுனா அவன்தான் மேயணும்.”

“வாங்குனா வீடும் அவன் வீடு,” என்றேன் நான். “நாளைக்கு நீ அவனை மொறைச்சா சட்டி பானை வெளியே. தோட்டத்துல பாத்தது பத்தலையா?”

“நீ மொறைப்ப. நான் ஏன் மொறைக்கிறேன்? உனக்கு மாட்டைத் தவிர வேற கவலை கெடையாது.”

“மாட்டுக்கு என்னய்யா வந்துச்சு?” என்றேன்.

கிராணி ஐயா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அரசாங்கக் காணியிலை ஆடு மாடு கட்டப்படாது. அது சட்டம். இப்ப இது மரைக்காயற்றை இடமெண்டபடியால் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறன். வாங்கின அண்டைக்கு மூட ஏலாது.”

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். சுற்றிலும் தோட்டத்து நிலம். இளமரத்தைக் கடிக்கும் என்று அங்கே மாடு நுழையவே விடமாட்டார்கள். தோட்டம் விட்டால் காடு. காட்டில் கட்டினால் புலிக்குப் படையல். விற்க வேண்டியதுதான்.

“மாட்டை வித்தா அடுத்த வாரம் நீங்க எந்த ஊருக்கு ஓடுவீங்க?” என்றாள் பாக்கியம்.

 உண்மையில் அவள் கேட்ட அந்த நொடியில் பகாவ் பக்கம் புது ரோடு போடுகிறார்கள் என்ற ஞாபகம் எனக்கு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். “துரை இந்த எடத்தை வாங்கக் கூடாது. என்ன செய்வீங்களோ, செய்யுங்க” என்றாள்.

4

துரைக்கு இடம் பிடிக்காமல் போக வேண்டும். அழுக்காக்கலாம் என்றால், சடையன் மற்ற ஐந்து அறைக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டான். எங்கள் அறை மட்டும் கறுப்பாக இருந்தால் துரை எங்களைத்தான் மாற்றுவார், வீட்டை அல்ல. அப்போதுதான் எனக்குத் தேங்காய்த் திருடியின் ஞாபகம் வந்தது.

நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே ஒரு மலாய்க்கார அம்மாள் மாதம் ஒருமுறை பட்டப்பகலில் கூடையோடு வருவாள். அறுபது வயதிருக்கும், நல்ல தேகக்கட்டு. கொட்டகையைச் சுற்றியுள்ள தென்னைகளில் விழுந்த காயைப் பொறுக்குவாள். சில சமயம் ஆள் வைத்தும் பறிப்பாள். பாக்கியம் துடைப்பத்தோடு ஓடுவாள். அந்த அம்மாள் பாதிக் கூடையோடு சிரித்துக்கொண்டே போவாள். ஒருமுறை நான் எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், “யார் மரம் என்று பறிக்கிறாய்?” என்று கேட்டேன். “என் மரம்” என்றாள். எந்தத் திருடி வேறு மாதிரி சொல்வாள்?

ஒரு மனு எழுதினேன். “இவ்விடம் திருட்டு அதிகம். வெகுகாலமாக ஒரு ஸ்திரீ கூசாமல் தேங்காய் கொண்டுபோகிறாள். இப்படிப்பட்ட இடத்தைக் கனம் துரையவர்கள் பணம் கொடுத்து வாங்கி மோசம் போகக் கூடாதென்று விசுவாசமுள்ள கூலியாள் தெரிவித்துக்கொள்கிறேன்.” கிராணி ஐயா அதை இங்கிலீஷில் எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். அனுப்பும்போது, “நீர் பள்ளிக்கூடத்தை விட்டது நல்லது காணும், இல்லாட்டி என்ரை வேலைக்கு வந்திருப்பீர்” என்றார்.

துரை மனுவைப் படித்தார். இடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. திருடியைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

5

துரை வந்த அன்று கிராணி ஐயா வந்தார். மரைக்காயர் புதுத் தொப்பியோடு வந்தார். அந்த வட்டாரத்து மலாய்க்காரர்களின் தலைவரான பெங்குளுவையும் துரை அழைத்து வந்திருந்தார், திருடியை அடையாளம் காட்ட.

நாங்கள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவளே கூடையோடு வந்தாள்.

“இவதாங்க தொரை! இவளேதான்!” என்று பாக்கியம் துடைப்பத்தை நீட்டினாள்.

பெங்குளு அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அவள் கையைத் தொட்டுத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவள் பெங்குளுவின் தாயாருக்குத் தமக்கையாம். மாக் இத்தாம் என்று பெயர்.

துடைப்பம் இன்னும் நீட்டியபடியே இருந்தது. நான்தான் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“இந்த நிலம் இவருடையது,” என்றார் பெங்குளு. “இவருக்கு முன் இவர் தாயாருடையது. நாளைக்கு மகளுடையது. இது குலத்து நிலம். வெளியாருக்கு விற்க முடியாது. இந்தச் சீமையில் ஆண்பிள்ளைக்கு இதில் பேச்சு இல்லை.”

துரை மரைக்காயரைப் பார்த்தார். மரைக்காயருக்கு வேர்த்தது. “நான் அந்த அம்மா வூட்டுக்காரர் கையைப் பிடிச்சுப் பேசித்தான் துரை கட்டினேன். ஆம்பளை சரின்னாரு. அதுக்கு மேல யாரைக் கேக்கணும்னு எனக்கு என்ன தெரியும்?”

கிராணி ஐயா அதை மலாயில் சொன்னார். மாக் இத்தாம் சிரித்தாள். “என் புருஷன் எதற்கும் சரி என்று சொல்வார். கல்யாணத்தன்று துணிமூட்டையோடு என் வீட்டுக்கு வந்தார். சாகும்போது அதையும் விட்டுவிட்டுப் போனார். மரைக்காயர் நோன்புக்குப் பேரீச்சம்பழம் அனுப்புகிறவர், அதனால் வீடுகள் நிற்கட்டும் என்று விட்டேன். தேங்காயை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.”

நான் இதைப் பாக்கியத்துக்குத் தமிழில் சொன்னேன். தப்பாகப் பேசிவிட்டோமே என்று அவள் முகம் முதலில் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது.

“நெலம் பூராவும் பொம்பளைக்கா?”

“ஆமா.”

“புருஷன் துணிமூட்டையோட வரணுமா?”

“ஆமாங்கிறேன்.”

“ஏழு வருஷமா இந்த ஊர்ல இருக்கோம், ஒருத்தரும் சொல்லலையே!” என்றாள்.

6

துரைக்கு ஒரு சிக்கல். நிலத்தை வாங்க முடியாது. அடுத்தவர் நிலத்தில் நிற்கிற வீட்டுக்கு மரைக்காயரிடம் வாடகை கொடுப்பதும் முறையல்ல. வீட்டை மட்டும் வாங்கினால் அதை எங்கே வைப்பது?

“தூக்கி வைக்கலாமே,” என்றார் பெங்குளு, நாற்காலியை நகர்த்தச் சொல்வதுபோல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரோட்டு இலாகாவின் சொந்த நிலம் காலியாகக் கிடந்தது. முப்பது நாற்பது அடி தூரம். மலாய்க்காரர்கள் வீடு மாறினால் சாமானை மட்டும் மாற்றுவதில்லை. ஊரே கூடி வீட்டையும் தூக்கிப் போவார்கள்.

இதைக் கேட்டு எழுதிய காகிதம் போர்டிக்சன் போனது. வீடு நிற்கிற சொத்தா, நகர்கிற சொத்தா என்று கேட்டுத் திரும்பி வந்தது. “இப்போது நிற்கிறது, பிறகு நகரும்” என்று கிராணி ஐயா பதில் எழுதினார். நகரும்போது அது எந்தக் கணக்கு என்று மறுபடி வந்தது. இதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. அந்த மழைக்கு ஒழுகிய தண்ணீர் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

கடைசியில் அரசாங்கம் மரைக்காயரிடமிருந்து வீடுகளை மட்டும் விலைக்கு வாங்கியது; ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தூக்குகிற வேலை ஆரம்பித்தது. கூரையைப் பிரித்தாயிற்று. தூண்களுக்குக் கீழே மூங்கில் கட்டியாயிற்று. ஒரு பக்கம் கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள், ஒரு பக்கம் நாங்கள். பெங்குளு “சத்து, டுவா, தீகா” என்று மூன்று எண்ணுவார். அவர்கள் மூன்றில் தூக்குவார்கள். நாங்கள் “ஐலசா” என்று சொல்லாமல் எதையும் தூக்கிப் பழகியதில்லை. சடையன் ஐலசா போட்டு முடிப்பதற்குள் அவர்கள் பக்கம் இடுப்புயரத்துக்கு எழுந்துவிடும். வீடு எங்கள் மேல் சாயும். நாங்கள் தூக்கும்போது அவர்கள் இறக்கியிருப்பார்கள். இப்படி வீடு இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கும்மி அடித்தது. பிறகு ஓர் ஏற்பாடு ஆனது. எண்ணுவது அவர்கள், மூன்றோடு ஐலசா சேர்ப்பது நாங்கள். “சத்து, டுவா, தீகா, ஐலசா!” முதல் வீடு கிளம்பிவிட்டது.

கிளம்பிய பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு சத்தம். “நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோடா!” கிராணி ஐயா. கதவில் அரசாங்க நம்பர் எழுத மைச்சட்டியோடு உள்ளே போனவரை யாரும் கவனிக்கவில்லை. வாய்க்கால் நடுவில் நிறுத்த முடியுமா? ஜன்னல் வழியே ஒரு கை குடையையும் ஒரு கை மைச்சட்டியையும் பிடித்தபடி ஐயா அக்கரை வந்து சேர்ந்தார். “அரசாங்கச் சொத்தை நான் ஒரு நிமிஷமும் விட்டு விலகயில்லை எண்டு எழுதலாம்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். சட்டையெல்லாம் நம்பர்.

இரண்டாவது வீட்டையும் கொண்டுவந்து இறக்கியதும் பெண்களுக்கு ஒரு சந்தேகம். புது வீட்டுக்குள் நாம் போனால் பால் காய்ச்சலாம். வீடே நம்மிடம் வந்தால் காய்ச்சுவதா? எதற்கும் இருக்கட்டும் என்று பாக்கியம் காய்ச்சினாள். மலாய்க்காரர்களுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

பால் காய்ந்தது. பால் கொடுத்த பசு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மாக் இத்தாமின் நிலத்தில், வீடில்லாத தென்னந்தோப்பில் தனியாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிராணி ஐயா சட்டையைப் பிழிந்துகொண்டே, “வாய்க்காலுக்கு இஞ்சாலை மாடு வரப்படாது. சொல்லிப்போட்டன்” என்றார்.

7

பாக்கியம் மறுநாள் காலை ஒரு சொம்பு பால் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு மாக் இத்தாம் வீட்டுக்குப் போனாள்.  அந்த அம்மாள் படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பாலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் பாக்கியம்.

“தொடப்பம் எங்கேன்னு கேக்குறாங்க.”

பாக்கியம் தலை குனிந்தாள். “மன்னிச்சுக்கச் சொல்லுங்க. ஊருக்குப் புதுசு, தெரியாமப் பேசிட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். மாக் இத்தாம் விரல் விட்டு எண்ணினாள். “எட்டு வருஷம் புதுசா?”

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. விரல்களே போதுமாயிருந்தன. பாக்கியத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “மாட்டை விட்டா இந்த மனுசன் நிக்க மாட்டாரும்மா” என்று தோப்பையும் என்னையும் கை காட்டித் தமிழிலேயே சொன்னாள்.  அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மாக் இத்தாம் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில், துணிமூட்டையோடு வந்த ஓர் ஆளை நினைத்துக்கொண்டது தெரிந்தது.

வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு இரண்டு மகன்கள். ஒரு தேங்காயைக் காவல் காத்ததில்லை. என் மரத்திலிருந்து என்னையே எடுக்க விடாதவள் வேறு யாரை எடுக்க விடுவாள்? மாடு அங்கேயே நிற்கட்டும். தோப்பை இவள் பார்த்துக்கொள்ளட்டும். துடைப்பத்தை மறக்க வேண்டாம் என்று சொல்.”

8

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தச் செவலையின் பேத்தி இப்போது கொட்டகையில் நிற்கிறது. பாக்கியம் தினமும் வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கறக்கிறாள். போகும்போது துடைப்பத்தையும் எடுத்துப் போகிறாள். மாக் இத்தாமின் மகன்களையே இரண்டு தடவை விரட்டியிருக்கிறாள்.

முனிசிபாலிட்டிப் பெரிய மனிதர்களுக்கு என் அபிப்பிராயம்: வாங்கலாம். முன்பு கூரை ஒழுகினால் இரண்டு பேரிடம் நடந்தோம், இப்போது ஒருவரிடம் நடந்தால் போதும். ஒழுகல் நின்றுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குமுன், அங்கே தேங்காய் பறிப்பது யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அங்கே குடியிருக்கிறவர்களின் மாட்டை எங்கே கட்டுவது என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

மச்சானுக்கு: வீடு அரசாங்கத்தினுடையது. வீடு நிற்கிற நிலம் ரோட்டினுடையது. மாடு மட்டும் வாடகைக் குடி. அதற்கு வாடகை பாக்கியத்தின் காவல். எனக்கு இவற்றில் ஒன்றிலும் பாத்தியதை இல்லை. பகாவ் ரோடு நான் இல்லாமலே போட்டு முடிந்துவிட்டது.

இதை எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். அஞ்சலை சின்ன வயதிலிருந்து மாக் இத்தாம் வீட்டிலேயே பாதி நாள் கிடந்தவள். எங்களோடு தமிழ் பேசுவாள், சண்டை போடுவது மலாயில். அவள் கேட்டாள்: “அவங்க ஏம்பா வீட்டைப் பத்திக் கேக்குறாங்க? மாப்பிள்ளைதானே நம்ம வீட்டுக்கு வரணும்?”

“நம்ம பழக்கம் அப்படி இல்லம்மா.”

“இந்த ஊருப் பழக்கம் அப்படித்தான்லா. துணிமூட்டை ஒண்ணு போதும்னு எழுதுங்க.”

நியாயமாகப் பாக்கியம் அவளை அதட்டியிருக்க வேண்டும். பாக்கியமோ வாசல் மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பால் கறக்கக் கிளம்பினாள். வாய்க்காலைத் தாண்டுமுன் திரும்பி நின்றாள்.

“பையனுக்குப் பால் கறக்கத் தெரியுமான்னும் கேட்டு எழுதுங்க.”